308-இல் சாதா பிரைமருக்குப் பதிலாக மேக்னம் போடலாமா?

வேலன் (டெக்சாஸ்): வணக்கம். தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்கிறேன். என் 308 வின்செஸ்டர் ரைபிளுக்கு 168 கிரெயின் எடைப் புல்லட், வார்கெட் பவுடர் (வெடிமருந்து), சிசிஐ 200 பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு உலோகக் கிண்ணம்) என்று ஒரு லோட், அதாவது சேர்க்கை, வைத்திருக்கிறேன். பவுடர் அளவு கையேட்டின் உச்சத்துக்குச் சற்றுக் கீழேதான். இப்போது கடையில் 200 இல்லை, சிசிஐ 250 மேக்னம்தான் இருக்கிறது. பவுடரைத் தொடாமல் பிரைமரை மட்டும் மாற்றலாமா? மான் சீசன் நெருங்குகிறது.

மலைநாடன் (கொலராடோ): தாராளமாகப் போடுங்கள். 2020, 2021-இல் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்ததைத்தான் எல்லோரும் வாங்கிப் போட்டோம். 200-ம் 250-ம் ஒரே அளவுதான், இரண்டுக்கும் விட்டம் 0.210 அங்குலம். போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்பூட்டான போல்ட்டைக் கையால் இழுத்து மூடுவது) உறுதியானது. வேகம் நொடிக்குச் சில அடி கூடும், அவ்வளவுதான். சிலர் இதைப் பெரிய பூதமாக்குகிறார்கள்.

யாழினி (ஒஹாயோ): மலைநாடன் அண்ணா, தோட்டாவின் பிரைமர் குழியில் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகிவிடாது. மேக்னம் பிரைமரின் தீப்பிழம்பு அதிகச் சூடு, அதிக நேரம் நிற்கும். பவுடர் பற்றும் விதமே மாறுகிறது. 308-க்கு சாமி (SAAMI) என்ற அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). வேலன் ஏற்கெனவே அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறார். அங்கிருந்து "சில அடி கூடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கையேட்டுக்காரர்கள் பிரைமரின் பெயரையும் சேர்த்து அச்சிடுவது அந்தச் சேர்க்கையைத்தான் சோதித்தார்கள் என்பதால். பவுடரைத் தொடக்க அளவுக்கு இறக்கிவிட்டு, படிப்படியாக ஏற்றிப் பாருங்கள் வேலன்.

மலைநாடன் (கொலராடோ): தங்கச்சி, மேக்னம் போட்டால் அழுத்தம் எப்போதும் எகிறும் என்பதும் உண்மையில்லை. சில சேர்க்கைகளில் வேகம் குறைந்தே பார்த்திருக்கிறேன். பால் (ball) பவுடர் என்ற உருண்டை வகை வெடிமருந்து போடுகிறவர்கள் குளிர்காலத்தில் மேக்னத்தைத்தான் நம்புகிறார்கள், அந்த உருண்டை மணிகள் லேசில் பற்றாது. அழுத்தம் கூடினால் பிரைமர் தட்டையாகும், போல்ட் தூக்கக் கனக்கும். அதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாமே?

யாழினி (ஒஹாயோ): கூடவும் செய்யும், குறையவும் செய்யும் என்றால் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றுதானே அர்த்தம்? நான் இறங்கி ஏறச் சொல்வதும் அதனால்தான். பால் பவுடர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வார்கெட் குச்சி வகை, சாதா பிரைமரிலேயே நன்றாகப் பற்றும்.

பிரைமர் தட்டையாவதைப் பார்க்கலாம் என்கிறீர்கள். நீங்கள் மாற்றுவது அந்தப் பிரைமரையேதான். ஃபெடரல் பிரைமரின் கிண்ணம் பொதுவாக மென்மை, சீக்கிரம் தட்டையாகும். சிசிஐ கொஞ்சம் கடினம். தடித்த கிண்ணம் போட்டால் அதே அழுத்தத்தில் முகம் சாதுவாக இருக்கும். தெர்மாமீட்டரை மாற்றிவிட்டு ஜுரம் குறைந்துவிட்டது என்று சொல்வதா? போல்ட் கனக்கும் நேரத்திலோ எல்லையைத் தாண்டியிருப்போம்.

ரவி (மினசோட்டா): நடுவில் ஒன்று. 223 என்ற சின்ன ரைபிள் தோட்டாவை லோட் செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையில் கிடைத்ததைப் போட வேண்டாம். அதற்கான சின்ன ரைபிள் பிரைமர்களில் சிசிஐ 400-இன் கிண்ணத் தடிப்பு சுமார் 0.020 அங்குலம், 450-ம் 41-ம் 0.025 பக்கம். ஏஆர்-15 ரைபிளில் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) சுதந்திரமாக ஆடும், போல்ட் மூடும்போதே பிரைமரை லேசாகத் தொடும். பிரைமர் மென்மையாகவோ, குழியில் சரியாக இறங்காமலோ இருந்தால் விசையைத் தொடாமலே வெடிக்க வாய்ப்பு உண்டு. ரெமிங்டன் 6½ பிரைமரை 223-க்குப் போடாதே என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. சின்னப் பிஸ்டல் பிரைமரும் சின்ன ரைபிள் குழியில் அழகாக உட்காரும், ஆனால் அதன் கிண்ணம் ரைபிள் அழுத்தத்துக்கானது இல்லை, துளைத்துக்கொண்டு சூடான வாயு பின்னால் வரும். முகம் இருக்கும் பக்கம்!

மலைநாடன் (கொலராடோ): 223 பற்றி ரவி சொன்னதில் மறுபேச்சு இல்லை. பிஸ்டல் பிரைமரை ரைபிளில் போடுவதை நான் ஆதரித்ததே இல்லை. 308 போல்ட் ரைபிளில் நடு அளவு லோடாக இருந்தால் மாற்றலாம் என்பதில் மட்டும் இன்னும் நிற்கிறேன்.

யாழினி (ஒஹாயோ): வேலனின் லோட் நடு அளவு இல்லையே அண்ணா, உச்சத்துக்குப் பக்கம் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார்.

மலைநாடன் (கொலராடோ): அது நியாயம். அந்த அளவில் என்றால் இறக்கித்தான் ஆரம்பிக்க வேண்டும். குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) இருந்தால் கூடவே வையுங்கள் வேலன். பழைய வேகம் கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குப் பவுடர் குறைவாகவே பிடித்தாலும் சரி.

வேலன் (டெக்சாஸ்): இருவருக்கும் நன்றி. 250 வாங்கிவிட்டேன். தொடக்க அளவிலிருந்து ஏற்றிக்கொண்டு வருகிறேன். மிச்சமிருக்கும் 200-ஐ வேட்டைக்கு மட்டும் தனியாக எடுத்து வைக்கிறேன். பெட்டிமேல் பிரைமர் பெயரையும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் எழுதியாயிற்று.

ரவி (மினசோட்டா): மேக்னத்துக்கு மாறிய பிறகு ஸ்கோப்பையும் மறுபடி ஜீரோ செய்துகொள்ளுங்கள், அதாவது குறியைச் சரிசெய்துகொள்ளுங்கள். குண்டு விழும் இடம் நகர்ந்திருக்கலாம்.