கேம் ஐடியைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

தூங்காமூஞ்சி:
வேலரன்ட் கேமில் துப்பாக்கியின் தோற்றத்தைக் காசில்லாமல் மாற்றலாம், ஸ்கின் சேஞ்சர் என்று ஒரு வீடியோ, கீழே ஜிப் லிங்க், பாஸ்வேர்டு 1234, 'முதலில் டிஃபெண்டரை ஆஃப் செய்யவும்' என்று எழுதியிருந்தது, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்தான் அது, செய்தேன். திட்டுவதற்கு முன் மீதியையும் கேளுங்கள். ஓடவிட்டதும் ஒன்றும் வரவில்லை, டப்பா ஃபைல் என்று தூங்கப் போய்விட்டேன். காலையில் ஐடியின் ஈமெயிலே மாறியிருந்தது. அது போனால் போகிறது. ராத்திரியே என் டிஸ்கார்ட் சாட்டிலிருந்து சித்தப்பா பையனுக்கு இங்கிலீஷில், "ப்ரோ, நான் ஒரு கேம் செய்திருக்கிறேன், டெஸ்ட் பண்ணித் தர முடியுமா?" என்று போயிருக்கிறது. பிறந்ததிலிருந்து அவனை "டேய் தடியா" தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை, நான் உருப்பட்டுவிட்டேன் என்ற சந்தோஷத்தில் திறந்திருக்கிறான். திறப்பதற்கு முன்னால் வாழ்த்து வேறு: "சூப்பர்டா அண்ணா, அப்பாகிட்டயும் சொல்றேன்." அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கிரீன்டீ:
பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் டூ ஃபேக்டர் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஏமாற்றி ஆட நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

சென்டர் அண்ணன்:
2008-ல் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எவனாவது பென்டிரைவ் செருகுவான், அதிலிருப்பது ஆட்டோரனில் தானாகவே ஓடும், மறைந்த ஃபைலைக் காட்டச் சொல்லி டிக் போட்டால் அடுத்த நிமிஷம் டிக் தானாகப் போய்விடும். டேட்டர்ஃப் என்று பெயர், ஆன்லைன் கேம் பாஸ்வேர்டுக்காகவே எழுதிய புழு. அந்த ஜூனில் மைக்ரோசாஃப்ட் அதைத் துடைக்கும் கருவியை விட்டபோது முதல் நாளே 7 லட்சம் கம்ப்யூட்டரில் சிக்கியது. தினமும் ராக்னராக் என்ற ஆன்லைன் கேம் ஆட வரும் ஒரு பையன், பள்ளிச் சீருடையோடு வருவான். ஒரு நாள் லாகின் செய்தால் அவன் வீரன் கேமில் வரும் புரொன்டெரா ஊரின் நடுத்தெருவில் கத்தி, கவசம், தொப்பி எதுவும் இல்லாமல் நிற்கிறான். பையன் அழவில்லை. "அண்ணே, இந்த ஒரு மணி நேரத்துக்கும் காசு எடுத்துப்பீங்களா?" என்று கேட்டான். எடுத்துக்கொண்டேன்.

பிக்சல்பாண்டி:
கிரீன்டீ, பூட்டு போட்டிருந்தால் திருடன் வரமாட்டான் என்கிறீர்கள். இவன் பூட்டைத் தொடுவதே இல்லை. நீங்கள் ஓடிபி போட்டு உள்ளே போனபின் பிரவுசர் வைத்துக்கொள்ளும் குக்கீயை எடுத்துப் போகிறான், அதை வைத்துத் திறந்தால் பல இடங்களில் ஓடிபி கேட்காது. அப்புறம் 'ஏமாற்றி ஆட நினைத்தால்' என்ற பேச்சு. 2023 ஜூனில் ஃப்ராக்சரைசர் என்ற வைரஸ் வந்ததே, மைன்கிராஃப்ட் கேமுக்கு ஆடுபவர்களே எழுதிச் சேர்க்கும் மாட்களில்? எல்லாரும் நம்பி இறக்கும் இடத்திலேயே சில மாட்களுக்குள் புகுந்து, கம்ப்யூட்டரில் இருந்த மற்ற ஜார் (ஜாவா புரோகிராம்) ஃபைல்களிலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் யாரை ஏமாற்றினார்கள்?

கிரீன்டீ:
சரி, குக்கீ விஷயம் ஒப்புக்கொள்கிறேன். டிஃபெண்டரை ஆஃப் செய்ததை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மோர்க்குழம்பு:
எனக்கும் ஒருமுறை ரோப்லாக்ஸ் ஐடி போனது, பெரிதாக ஒன்றுமில்லை, தங்கையின் ஐடி. ஆனால் தம்பி தூங்காமூஞ்சி, அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றியிருந்தால் புதியதும் அவனுக்குத்தான் போகும். போனிலிருந்து மாற்றுங்கள், முதலில் ஈமெயில், அப்புறம்தான் கேம். 'எல்லா இடத்திலும் லாக் அவுட்' என்று இருக்கும், அதை அழுத்தினால்தான் பழைய குக்கீ செத்துப்போகும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு அத்தனையும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், பேங்க் உட்பட. ஜிப்புக்குப் பாஸ்வேர்டு வைப்பதே ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக்கூடாது என்றுதான். ஸ்கேன் செய்து சுத்தம் என்று வந்தாலும் நம்பாதீர்கள், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுங்கள். சித்தப்பா பையனுடையதையும்.

தூங்காமூஞ்சி:
அக்கா, இரண்டையும் அழித்தாயிற்று. இப்போது நான் எந்த லிங்க் அனுப்பினாலும் தடியன் திறப்பதில்லை. போன் போட்டு, "பாட்டி வீட்டு நாய் பேரு என்ன, சொல்லு" என்கிறான். நேற்று அனுப்பியது என் கல்யாணப் பத்திரிகை.