டகோமாவுக்கு டயர் கேரியருடன் பின் பம்பர்: எஃகா, அலுமினியமா? உடனடி ஆலோசனை தேவை

டென்வர்வாசி:
வணக்கம். எனது டொயோட்டா டகோமா பிக்கப் வண்டிக்கு டயர் கேரியருடன் (ஸ்டெப்னியை வெளியே மாட்ட உதவும் சுழலும் கை) கூடிய பின் பம்பர் வாங்கவிருக்கிறேன். அடுத்த மாதம் குடும்பத்தோடு யூட்டா மாநிலத்தின் மோவாப் பகுதிக்குச் சென்று, கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் வைட் ரிம் பாதையில் இரவு தங்கிப் பயணம் செய்ய அனுமதி பெற்றுள்ளோம். டயர்களைப் பெரிதாக மாற்றிவிட்டதால் ஸ்டெப்னியை வெளியே மாட்டுவதுதான் சரி என்று நண்பர்கள் கூறுகிறார்கள். ஓரிடத்தில் எஃகு பம்பரும் மற்றோரிடத்தில் அலுமினிய பம்பரும் பார்த்து வைத்திருக்கிறேன். விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. தள்ளுபடி இந்த வாரத்தோடு முடிகிறது. எதை வாங்கலாம் என்று விரைவாகச் சொல்லுங்கள்.

செம்மண்தடம்:
வணக்கம் நண்பரே. எந்த ஆண்டு டகோமா, டயரின் அளவு என்ன, பின்தொட்டி குட்டையா நீளமா, அதன் மேல் டாப்பர் மூடி இருக்கிறதா, டிரெய்லர் இழுப்பீர்களா? இவை தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது அவரவர் வண்டிக்கான பதிலாகத்தான் இருக்கும். இரண்டாம் தலைமுறை வண்டிகள் 2015 வரை வந்தன. 2016 முதல் 2023 வரை வந்தவை மூன்றாம் தலைமுறை. ஒன்றுக்குச் செய்த பம்பரை மற்றொன்றில் அப்படியே பொருத்த முடியாது.

பற்றவைப்பவன்:
எஃகா அலுமினியமா என்பதை விட, கேரியரின் கை எதன்மீது சுழல்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. டிரெய்லர் சக்கரத்தின் ஹப்பில் இருப்பதைப் போலக் கூம்பு வடிவ ரோலர் பேரிங்குகள் இரண்டு, தடித்த ஸ்பிண்டில் (சுழல்தண்டு), கிரீஸ் அடிக்க ஒரு நிப்பிள் ஆகிய மூன்றும் இருக்கும் கேரியரை மட்டும் வாங்குங்கள். பேரிங் இல்லாமல் வெறும் புஷிங்கில் (உருளை உறையில்) சுழலும் கை, கரடுமுரடான சாலையில் சில பருவங்கள் ஓடிய பிறகு தொங்கத் தொடங்கும். தொங்கிய கையைத் தாழ்ப்பாளுக்கு நேராகக் கொண்டுவர ஒவ்வொரு முறையும் தோள் கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும். என் பட்டறைக்கு வரும் கேரியர் பழுதுகளில் பெரும்பாலானவை இந்தக் கீலில்தான் தொடங்குகின்றன.

மூத்த_பயணி:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை கேட்கப்பட்டு, விரிவான பதில்களும் எழுதப்பட்டுவிட்டன. தேடிப் படித்திருந்தால் இவ்வளவு அவசரம் தேவைப்பட்டிருக்காது. தன் டயரின் அளவைக்கூடக் குறிப்பிடாத ஒருவர், ஆயிரக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள பம்பரைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லை என்பதே என் கருத்து. தள்ளுபடி முடியும் தேதியை வைத்து வண்டியின் உறுப்புகளைத் தீர்மானிப்பது ஆபத்தான பழக்கம். இருப்பினும் கேட்டுவிட்டீர்கள்: எஃகு வாங்குங்கள். கற்பாறையில் அடிபட்டு வளைந்தால், சிற்றூர்ப் பட்டறையில்கூட அதை நிமிர்த்திப் பற்றவைத்துக் கொள்ளலாம். அலுமினியத்துக்கு அதற்கென்று கருவியும் பழகிய கையும் தேவை.

ராக்கிமலை:
மேலே கேட்டவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். உங்கள் வண்டியில் பக்கவாட்டுக் குருட்டுப்பகுதி எச்சரிக்கை (கண்ணாடியில் தெரியாத பக்கத்து வண்டிகளை உணர்த்துவது) இருக்கிறதா? அதன் ரேடார் உணரிகள் பின் பம்பரின் இரு மூலைகளை ஒட்டி உள்ளே அமைந்துள்ளன. எஃகானாலும் அலுமினியமானாலும் உலோகத் தகடு ரேடார் அலையை மறைக்கும். ஆகவே அந்த இடத்தில் திறப்பு விட்டுச் செய்த பம்பராக இருக்க வேண்டும். பார்க்கிங் உணரிகளுக்கும் தனித் துளைகள் வேண்டும். அடுத்தது கேமரா. டகோமாவில் அது டெயில்கேட்டின் (தொட்டியின் பின்கதவின்) கைப்பிடியை ஒட்டி இருக்கிறது. கேரியரில் டயரை மாட்டிவிட்டால் பின்னோக்கி வரும்போது திரையில் ரப்பர்தான் தெரியும். அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் இவ்வகை வண்டிகள் அனைத்துக்கும் பின்கேமராவைக் கட்டாயமாக்கியதே பின்னால் நிற்கும் குழந்தைகளைக் கருதித்தான். எனவே கேமராவை டயரின் நடுவுக்கு இடம் மாற்றும் கிட், எண் தகட்டுக்குப் புதிய இடம், அதற்கு விளக்கு ஆகியவை விலையில் அடங்குமா என்று கேளுங்கள். பல கடைகளில் இவை தனிச் செலவு.

டென்வர்வாசி:
2019, டிஆர்டி ஆஃப்-ரோட் வகை, டபுள் கேப் (நான்கு கதவு), குட்டைத் தொட்டி. டயர் 285/70ஆர்17. டாப்பர் இருக்கிறது. குருட்டுப்பகுதி எச்சரிக்கையும் இருக்கிறது. நாங்கள் நால்வர். டிரெய்லர் எப்போதாவது. இப்போது சொல்லுங்கள், எஃகா அலுமினியமா?

செம்மண்தடம்:
நன்றி, இப்போது பேசலாம். ஆனால் உங்கள் கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: உங்களுக்குக் கேரியர் வேண்டுமா? தொழிற்சாலையிலிருந்து வந்த 265/70ஆர்16 டயரின் விட்டம் சுமார் 30.6 அங்குலம், உங்களுடைய புதிய டயர் சுமார் 32.7 அங்குலம். இந்த அளவு டயரைப் பலர் தொட்டிக்கு அடியில், பழைய இடத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். என் வண்டியிலும் அப்படித்தான் இருக்கிறது. காற்றைச் சற்றுக் குறைத்து ஏற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 35 அங்குல வகைக்குப் போயிருந்தால் வெளியே மாட்டுவதைத் தவிர வேறு வழி குறைவு. எதையும் ஆர்டர் செய்வதற்கு முன், நான்கு டயர்களில் ஒன்றைக் கழற்றி அடியில் ஏற்றிப் பாருங்கள். அரை நாள் வேலை.

டாப்பர் இருப்பதையும் எண்ணிப் பாருங்கள். கேரியர் வந்துவிட்டால், காய்கறிப் பையை எடுப்பதற்குக்கூட முதலில் தாழ்ப்பாளைத் திறந்து, கையைச் சுழற்றி, அது திரும்பி வராதபடி ஊசியிட்டு நிறுத்தி, பிறகு டாப்பரின் கண்ணாடியையும் டெயில்கேட்டையும் திறக்க வேண்டும். சரிவான வாகன நிறுத்தத்தில் இது எளிய வேலையன்று.

மூத்த_பயணி:
அடியில் வைக்கலாம் என்பது காகிதத்தில் சரி. மணலில் பின்சக்கரம் புதைந்து, அதே பக்கத்து டயரும் காற்றிழந்து வண்டி வயிற்றில் அமர்ந்துவிட்டால், அடியிலிருக்கும் ஸ்டெப்னியை எப்படி வெளியே இழுப்பீர்கள்? கேரியர் என்பது அலங்காரம் அன்று. களத்தில் இறங்கியவர்களுக்கு இது தெரியும்.

எடைக்கணக்கு:
மூத்த பயணி கூறும் நிலை உண்மையில் ஏற்படக்கூடியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கேரியருக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை எடையில் பார்க்க வேண்டும். கேரியருடன் கூடிய எஃகு பம்பர் 200 பவுண்டு, சக்கரத்தோடு சேர்த்து இந்த அளவு டயர் 80 பவுண்டு என்று கொள்வோம். இந்த 280 பவுண்டும் பின் அச்சுக்குப் பின்னால் சராசரியாக 52 அங்குலத்தில் தொங்குகிறது. டபுள் கேப், குட்டைத் தொட்டி வண்டியின் இரு அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 127.4 அங்குலம். 52-ஐ 127.4-ஆல் வகுத்தால் சுமார் 0.41. அதாவது 280 பவுண்டு சேர்த்தால் பின் அச்சில் ஏறுவது 280 அன்று, ஏறத்தாழ 395; அந்தக் கூடுதல் 115 பவுண்டு முன் அச்சிலிருந்து கழிகிறது. பழைய பம்பரும் அடியிலிருந்த டயரும் ஏற்கெனவே தந்துகொண்டிருந்த சுமையை இதிலிருந்து கழிக்க வேண்டும் என்பது உண்மை. ஆயினும் மிஞ்சுவது சிறிய எண் அன்று. லீஃப் ஸ்பிரிங் அமுங்கும், முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், ஸ்டியரிங் இலேசாகும்.

ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் சுமைத்திறன் அட்டையைப் படித்து அந்த எண்ணை இங்கே எழுதுங்கள். பயணிகள், டாப்பர், பம்பர், தண்ணீர், கூடாரம், டிரெய்லர் கொக்கியில் விழும் எடை எல்லாமே அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும்.

மூத்த_பயணி:
முன்னால் எஃகு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் பொறி) பொருத்தினால் சமன் ஆகிவிடும். அனுபவமுள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஸ்பிரிங்கையும் தடித்ததாக மாற்றிக்கொள்ளலாம்.

எடைக்கணக்கு:
ஐயா, முன்னால் எடை சேர்த்தால் முன் அச்சு பழைய நிலைக்கு வரலாம்; வண்டியின் மொத்த எடை குறையாது, கூடும். தடித்த ஸ்பிரிங் வண்டியை நிமிர்த்தும். ஆனால் அச்சு, பிரேக், சேஸிஸ் ஆகியவற்றின் அனுமதிக்கப்பட்ட எடையை அது உயர்த்தாது. கதவுத் தூணில் உள்ள எண் அப்படியே இருக்கும். நால்வர் அமரும் வண்டி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூத்த_பயணி:
அந்த எண்ணில் தயாரிப்பாளர்கள் போதிய இடைவெளி விட்டுத்தான் அச்சிடுகிறார்கள். நான் அறிந்த வண்டிகளில் பாதி அந்த எண்ணைத் தாண்டித்தான் ஓடுகின்றன, எதுவும் முறியவில்லை.

ராக்கிமலை:
முறியாமல் இருப்பதும் பிரேக் பிடித்ததும் நிற்பதும் வேறு வேறு. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதையைக் கடந்து மேற்கே இறங்கும் நீண்ட சரிவில், அளவுக்கு மீறிய சுமையோடு பிரேக் சூடேறும்போது அந்த இடைவெளி எங்கே போகிறது என்பது தெரியும். டென்வரிலிருந்து மோவாபுக்கு இவர்கள் போகப்போவது அதே சாலையில்தான்.

பற்றவைப்பவன்:
எடை பற்றிய விவாதம் நீண்டுவிட்டதால், கேரியரை வாங்குவதென்றே முடிவானால் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மூடிய நிலையில் கையின் நுனி ஒரு சாய்தளத்தின் மீது ஏறி அமர வேண்டும். அப்போதுதான் ஓட்டத்தின்போது டயரின் எடை முழுவதும் கீலில் தொங்காது. தாழ்ப்பாள் இழுத்துப் பூட்டும் வகையாகவும் இறுக்கத்தைத் திருகிச் சரிசெய்யக் கூடியதாகவும் இருக்கட்டும், ஏனெனில் கடகடவென்ற ஒலி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். கீல் வலப்பக்கம் இருப்பதே நல்லது: அமெரிக்காவில் சாலையின் வலது ஓரத்தில் நிறுத்தித் திறக்கும்போது, இடப்பக்கக் கீல் கையைப் போக்குவரத்தின் பக்கம் நீட்டிவிடும். பம்பரின் போல்ட்டுகள் சேஸிஸின் பக்கவாட்டில் எத்தனை இடங்களில் பிடிக்கின்றன, டிரெய்லரை மாட்டும் பழைய ஹிட்ச் ரிசீவரை வைத்துக்கொள்கிறார்களா அல்லது தங்களுடையதைப் பற்றவைத்திருக்கிறார்களா, அப்படியானால் இழுவைத் திறனை எழுத்தில் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

கொலராடோவில் குளிர்காலச் சாலைகளில் பனி உறையாதிருக்க மக்னீசியம் குளோரைடு என்ற உப்பைத் தெளிக்கிறார்கள். எஃகின் மேலுள்ள பவுடர் கோட்டிங் பூச்சில் ஒரு கல் பட்டுச் சிறு இடம் பெயர்ந்தால் போதும், துரு அதன் அடியிலேயே பரவும். அந்த வகையில் அலுமினியத்துக்கு ஒரு நன்மை உண்டு, எடையும் குறையும். மூத்த பயணி சொன்ன பற்றவைப்புச் சிக்கலும் உண்மைதான். ஆனால் வைட் ரிம்மில் பம்பரைக் கிழித்துக்கொள்ளும் அளவுக்கு ஓட்ட வேண்டிய தேவையே இல்லை.

செம்மண்தடம்:
வைட் ரிம் சுமார் 100 மைல் நீளமுள்ள பாதை. அங்கே எரிபொருளோ பழுதுபார்ப்பவரோ கிடைக்கமாட்டார்கள். கூரிய கற்கள் டயரின் பக்கச்சுவரைக் கிழிப்பதே அங்கு அஞ்ச வேண்டியது. பக்கச்சுவரில் விழுந்த கிழிசலை ஒட்டுக் கிட்டால் நம்பும்படி சரிசெய்ய முடியாது. ஆகவே முழு அளவு ஸ்டெப்னி கட்டாயம், அது எங்கே தொங்குகிறது என்பது அடுத்ததுதான். அடியில் வைத்தால் இன்னொன்றையும் செய்யுங்கள்: ஸ்டெப்னியை இறக்கும் சங்கிலித் தூக்கி அதே உப்பில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. அதை வீட்டிலேயே முழுவதும் இறக்கி, துடைத்து, எண்ணெயிட்டு, மீண்டும் ஏற்றிப் பாருங்கள். இறுகிப்போன தூக்கியைப் பாதையின் நடுவில் கண்டறிவது பெருந்துன்பம். மூத்த பயணி கேட்ட மணல் நிலைக்கு, உயரம் போதுமான ஜாக்கியும் அதன் அடியில் வைக்க ஒரு தடித்த பலகையும் எடுத்துச் செல்லுங்கள்; முதலில் வண்டியை உயர்த்திவிட்டால் டயரை வெளியே இழுக்கலாம்.

டென்வர்வாசி:
அனைவருக்கும் நன்றி. கதவுத் தூணில் உள்ள எண் 1,095 பவுண்டு. எங்கள் நால்வரின் எடை, டாப்பர், தண்ணீர், குளிர்பெட்டி, கூடாரம் ஆகியவற்றைக் கூட்டினால் 900-ஐத் தாண்டிவிட்டது. டயரை அடியில் ஏற்றிப் பார்த்தோம், காற்றைக் குறைத்ததும் நுழைந்துவிட்டது. கேரியர் வாங்கவில்லை. கேரியர் இல்லாத அலுமினிய பம்பரை ஆர்டர் செய்துவிட்டேன்.

எடைக்கணக்கு:
மகிழ்ச்சி. புறப்படும் முன், முழுச் சுமையோடும் குடும்பத்தோடும் ஒரு லாரி எடைமேடையில் ஏற்றி, இரு அச்சுகளையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். செலவு சிறிது.

ராக்கிமலை:
ஆர்டர் செய்த பம்பரில் ரேடார் உணரிகளுக்கான திறப்பு இருக்கிறதா? ஸ்டெப்னியை இறக்கும் கம்பி நுழையப் பம்பரில் துளை விட்டிருக்கிறார்களா? அது இல்லாவிட்டால் அடியிலிருக்கும் டயரை இறக்கவே முடியாது. அனுப்புவதற்கு முன் கடைக்காரரிடம் இன்றே கேட்டுவிட்டு, இங்கே தெரிவியுங்கள்.