புதுப்பிப்பு: ஐப்பசி மழையில் சென்னையிலிருந்து வேதாரண்யம் வரை காரில்

வடகிழக்குப் பருவமழை நாட்களில் புதுச்சேரி, தரங்கம்பாடி வழியாக வேதாரண்யம் வரை காரில் போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி, போய் வந்துவிட்டோம்.

வானம் ஒருநாளும் வெளுக்கவில்லை. மாமல்லபுரத்தில் குடைக்குள் ஒடுங்கியபடி கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு நகர்ந்தோம். பிச்சாவரத்தில் காற்று பலமாக இருந்ததால் படகு விடவில்லை.

கைகொடுத்தது, "கடலை நம்பாமல் கூரையுள்ள இடங்களை நம்புங்கள், தரங்கம்பாடியில் தங்குங்கள்" என்று ஒருவர் சொன்ன யோசனைதான். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையின் அருங்காட்சியகத்தை நின்று நிதானமாகப் பார்த்தோம். அதன்பின் 1718இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயத்தில் மழைக்கு ஒதுங்கினோம். கடல் அரித்து முன்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயிலின் எதிரே அலைகள் சேற்று நிறத்தில் கற்களின் மேல் அறைந்துகொண்டிருந்தன. வெயிலில் இந்த ஊர் இவ்வளவு பொருந்துமா என்பது சந்தேகமே.

எதிர்பாராதது வேதாரண்யத்தில் நடந்தது. 1930 உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த மண்ணில் வெள்ளை உப்புக் குவியல்களைப் பார்க்கும் ஆசையோடு போனால், பாத்திகள் முழுவதும் மழைநீர் நின்றது. பழைய உப்பைக் கீற்று வேய்ந்து மூடி வைத்திருந்தார்கள். உப்பு எடுப்பதைப் பார்க்க விரும்புவோர் கோடையில் செல்லவும்.