குழு மாறிப் போட்ட மெசேஜ்

குழு: எங்கள் வீடு

அதிகாலை 2:47
நான்: அக்கா, முழிப்பா? எனக்கு இன்றைக்கும் அதே கதைதான். நெஞ்சுக்குள் இருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது என்று ஏறி, பிறகு வியர்வை ஊற்றுகிறது. இது இரண்டாவது நைற்றி. நனைந்ததைக் கொடியில் போட்டுவிட்டு விறாந்தையில் பாய் விரித்து இருக்கிறேன். ஃபானைக் கூட்டினால் இவருக்குக் குளிர்கிறதாம்.

2:51
நான்: பீரியட்ஸும் மூன்று மாதமாக இல்லை. 48 வயதில் வயிற்றில் பிள்ளையோ என்று ஒருநாள் பயந்தே போனேன்.

5:38
சின்னண்ணா: தங்கச்சி, இது வீட்டுக் குழு. நான் ஒன்றும் வாசிக்கவில்லை.

5:40
நான்: ஐயோ கடவுளே. பெண்கள் குழு என்று நினைத்துப் போட்டுவிட்டேன். இதை எப்படி அழிப்பது?

5:41
பெறாமகள்: ஏன் சின்னம்மா அழிக்க வேணும்? எல்லோரும் பார்த்தாச்சு. இங்கேயே கதைப்போம். மாமாவும் தெரிந்துகொள்ளட்டும்.

5:41
சின்னண்ணா: நான் மாட்டடிக்குப் போகிறேன்.

6:12
ரீச்சர் சித்தி: பிள்ளை, பயப்படாதே. நீ நாள் எண்ணிச் சொல்கிறாய், அதுவே பெரிய காரியம். எனக்கு நின்றது 2009இல், கடைசி யுத்த நேரம். மாத்தளனில் இருந்தபோதா, செட்டிகுளம் முகாமுக்கு வந்த பிறகா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. யார் எண்ணினது? தறப்பாளுக்குள் எல்லோருக்கும்தான் வியர்த்தது. என்னுடைய சூடு வேறு சூடு என்று எனக்குத் தெரியவில்லை. இரவில் எழும்பி வாசலில் போய் இருப்பேன். பக்கத்துக் கொட்டில்களிலும் என் வயதுப் பெண்கள் அப்படித்தான் இருந்தார்கள். கவலையில் நித்திரை இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

6:13
ரீச்சர் சித்தி: இளம் பிள்ளைகளுக்கும் அந்த நேரம் மாதக்கணக்கில் வராமல் இருந்தது. அவர்களுக்குப் பிறகு வந்தது, எனக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

6:30
பெரியக்கா: (முன்னனுப்பியது) பெண்களின் உடற்சூட்டுக்கு 30 நாளில் முற்றுப்புள்ளி! 21 மூலிகைகள் சேர்ந்த பொடி. பக்கவிளைவு அறவே இல்லை. ஒரு போத்தல் 4,500 ரூபா மட்டுமே.

6:31
பெரியக்கா: இதை வாங்கு. நானும் குடிக்கிறேன். நல்லது.

6:44
பெறாமகள்: அம்மா, 21 மூலிகை என்கிறார்கள், ஒன்றின் பெயர்கூட இல்லையே! கைதடியில் நான் சித்த மருத்துவம்தான் படிக்கிறேன். மூலிகையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பிரசர் குளிசையும் குடிக்கிறீர்கள். அதோடு எது சேரும், எது சேராது என்று இந்தப் போத்தலுக்குத் தெரியுமா?

7:20
நேர்ஸ் மச்சாள்: இப்போதுதான் நைற் டியூட்டி முடிந்தது. மச்சாள், முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கோ. சிரிக்க வேண்டாம். மூன்று மாதம் வராவிட்டால் முடிந்துவிட்டது என்று கணக்கில்லை. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். 50 வயதுக்கு முன் நின்றால் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் பிள்ளை தங்காமல் கவனமாக இருக்கச் சொல்வார்கள், 50 தாண்டி நின்றால் ஒரு வருடம்.

7:21
சின்னண்ணா: 🙈

7:29
நேர்ஸ் மச்சாள்: சூடு ஏன் வருகிறது என்றால், ஈஸ்ட்ரஜன் என்கிற பெண் ஹோர்மோன் குறையும்போது மூளையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் இடம் கொஞ்சம் பதறத் தொடங்கிவிடும். சின்னதாகச் சூடு கூடினாலும் உடம்பு எரிவதாக நினைத்து வியர்க்க வைக்கும். கெட்ட இரத்தம், வாயு, கண்ணூறு ஒன்றும் இல்லை. ஆனால் தைரொயிட் கூடினாலும் இதே மாதிரி வியர்க்கும், அதனால் அதையும் ஒருக்கால் பாருங்கோ. எம்.ஓ.எச். ஒபிஸில் (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில்) பெண்களுக்கென்று வெல் வுமன் கிளினிக் நடக்கிறது, இலவசம். பிரசர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். எந்தக் கிழமை என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கோ.

8:02
கனடாத் தங்கச்சி: இங்கே இரவு. நான் பிளாக் கோஹோஷ் என்று ஒரு வேர் மாத்திரை குடித்தேன், முதல் மாதம் சூடு குறைந்தது. பிறகு பழையபடிதான்.

8:09
நேர்ஸ் மச்சாள்: அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மருந்தே இல்லாத குளிசையைக் கொடுத்தாலும் நிறையப் பெண்களுக்குக் கொஞ்ச நாள் சூடு குறையும். அதனால்தான் “நான் குடித்தேன், நின்றது” என்கிற சாட்சியை நம்ப ஏலாது. அந்த வேரால் ஈரல் பழுதான சிலரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். கண்கள் மஞ்சளானால் உடனே நிறுத்த வேணும்.

8:15
கனடாத் தங்கச்சி: இங்கே டொக்டர் ஹோர்மோன் தரலாம் என்கிறார். எனக்குத்தான் பயம். புற்றுநோய் வருமாமே?

8:24
நேர்ஸ் மச்சாள்: அந்தப் பயம் 2002இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஹோர்மோன் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், நின்று பத்து வருடத்துக்குள் இருக்கிற ஆரோக்கியமான பெண்ணுக்கு ஆபத்துக் கணக்கு வேறு. மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. டொக்டரிடம் கேட்டு முடிவெடு, என்னிடம் கேட்டு அல்ல.

8:40
நான்: சரி, காசில்லாமல் செய்யக்கூடியது ஏதும் இருக்கிறதா?

8:47
நேர்ஸ் மச்சாள்: இரவு ஒன்பது மணிக்குக் குடிக்கிற அந்தத் தேத்தண்ணியை முதலில் விடுங்கோ. மெல்லிய பருத்தி உடுப்பு. தலைமாட்டில் ஈரத் துவாய். வெற்றிலையோடு புகையிலை போடுவதென்றால் அதையும் விடுங்கோ. நித்திரை வராவிட்டால் கட்டிலில் புரண்டு மணியைப் பார்க்கக் கூடாது. எழும்பி வந்து இருந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பிப் போங்கோ. விடிய ஒரே நேரத்துக்கு எழும்புங்கோ. நீங்கள் விறாந்தைக்கு வந்தது சரியான வேலைதான், போனை மட்டும் உள்ளே விட்டிருக்கலாம்.

8:55
பெரியக்கா: நீங்கள் என்ன சொன்னாலும் எனக்கு அந்தப் பொடிதான். எனக்கு எல்லாம் நின்று இரண்டு வருடம். போன கிழமை சும்மா கொஞ்சம் இரத்தம் பட்டது. பொடியைக் குடித்தேன், மூன்று நாளில் நின்றுவிட்டது. பிறகென்ன?

8:56
நேர்ஸ் மச்சாள்: அக்கா, போனை எடுங்கோ.

8:57
நேர்ஸ் மச்சாள்: அக்கா, இப்ப கோல் எடுக்கிறேன். எடுங்கோ.

9:10
ரீச்சர் சித்தி: என்ன பிள்ளை, ஏதும் பெரிய விஷயமா?

9:16
பெறாமகள்: அம்மா எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

9:31
ரீச்சர் சித்தி: அழாதே பிள்ளை. அவள் கதைக்கட்டும். கொம்மா குரக்கன் மா திரித்து வைத்திருந்தாளே, அது இருக்கிறதா?

9:33
பெறாமகள்: இருக்கிறது அம்மம்மா. அரைச் சாக்கு.

9:36
ரீச்சர் சித்தி: குரக்கன் பிட்டும் நெத்தலிச் சொதியும் வைத்துக் கொடு. முள்ளோடு சாப்பிடச் சொல்லு. நின்ற பிறகு முதல் ஐந்தாறு வருடம் எலும்பு கெதியாகத் தேயுமாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. கிணற்றடியில் சறுக்கி விழுந்துதான் தெரிந்துகொண்டேன். மணிக்கட்டில் இன்றைக்கும் கம்பி இருக்கிறது.

9:38
பெறாமகள்: குரக்கன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது அம்மம்மா. பாலை விடக் கூட. எள்ளும் நல்லது. ஆனால் சூட்டை அது குறைக்காது, எலும்புக்குத்தான்.

9:40
கனடாத் தங்கச்சி: சோயா?

9:41
பெறாமகள்: சோயாமீற் கறி வையுங்கோ சித்தி, புரதம் நல்லது. சூட்டுக்குச் சிலருக்குக் கொஞ்சம் கேட்கும், சிலருக்குக் கேட்காது.

9:52
நேர்ஸ் மச்சாள்: அக்கா சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். மற்றவர்களும் கேளுங்கோ. நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி பட்டாலும் காட்ட வேணும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் புற்றுநோயாக இருக்காது, கர்ப்பப்பையின் உட்படலம் மெலிந்து உரசுவதாகக்கூட இருக்கும். அந்த மற்ற ஒருவர் யார் என்பதை ஸ்கானில்தான் பார்க்கலாம், தேவையென்றால் ஒரு துண்டு எடுத்தும் பார்ப்பார்கள். தொடக்கத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் சுகப்படுத்தலாம். பொடி நிறுத்தவில்லை. அது தானாக நின்றது. திரும்பவும் வரலாம்.

9:58
பெரியக்கா: வயல் அரிவு வெட்டு முடியட்டும் என்று பார்த்தேன்.

9:59
நேர்ஸ் மச்சாள்: இல்லை அக்கா. நாளைக்கு.

10:05
பெரியக்கா: தருமபுரத்தில் இருந்து பஸ்ஸில் போய் வர ஒரு நாள் போய்விடும்.

10:06
சின்னண்ணா: நான் ஓட்டோவைக் கொண்டு வருகிறேன். ஆறரைக்கு உங்கள் ஒழுங்கையில் நிற்பேன். எதற்கென்று கேட்க மாட்டேன்.

10:08
பெரியக்கா: போத்தலையும் கொண்டு வரவா?

10:08
நேர்ஸ் மச்சாள்: கொண்டு வாங்கோ அக்கா. பிரசர் குளிசையும், கிளினிக் கொப்பியும். ஆஸ்பத்திரி ஓபிடியில் காட்டினால் வீ.ஓ.ஜீ. டொக்டருக்கு, அதுதான் பெண்நோயியல் நிபுணருக்கு, துண்டு தருவார்கள். நான் அங்கே நிற்பேன்.

10:11
நான்: நானும் வருகிறேன் அக்கா. எனக்கும் தைரொயிட் பார்க்க வேணும்தானே. பரந்தன் சந்தியில் ஏழு மணிக்கு நிற்பேன்.

10:12
சின்னண்ணா: சரி. இடம் இருக்கிறது. நைற்றியோடு வந்து நிற்காதே.

10:12
நான்: வாசிக்கவில்லை என்றீர்கள்!