எலி கல்லீரல் மைட்டோகாண்ட்ரியா: ரெண்டாவது சுத்துல பெல்லட்டே வரலை, அவசரம்

பெல்லட்தேடி: மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிக்க, கல்லீரலை அரைச்சு சென்ட்ரிஃபியூஜ்ல (டியூபை வேகமாச் சுழற்றிப் பிரிக்கிற மெஷின்) 3000ல 10 நிமிஷம், மேல நிக்கிறதை எடுத்து 10000ல 10 நிமிஷம். பெல்லட்டா (அடியில படியுற கட்டி) எதுவும் வரலை, மெல்லிசா ஒரு பூச்சுதான் இருக்கு. மூணு தடவையும் இப்படித்தான். எங்க தப்பு? திங்கட்கிழமை கைடுக்குக் காட்டணும்.

குளிர்அறை: 3000 எது, ஆர்பிஎம்மா (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) ஜியா (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை)? என்ன ரோட்டார் (டியூபைத் தாங்கிச் சுழல்ற பாகம்)? பஃபர்ல (அரைக்கிற கரைசல்) என்னென்ன? கல்லீரல் எத்தனை கிராம்?

உலக்கை: ரோட்டாரை விடுங்க, அரைக்கிறதுலதான் கோளாறு இருக்கும். பிளேடு வெச்சு அடிச்சா மைட்டோகாண்ட்ரியா கிழிஞ்சிடும். டெஃப்லான் பெஸ்டில் (அரைக்கிற குழவி), 500 ஆர்பிஎம், 6 தடவை ஏத்தி இறக்கினாப் போதும். வெடுக்குன்னு மேல இழுக்காதீங்க, நுரைச்சிடும்.

சீனியர்_72: ஆர்பிஎம்மும் ஜியும் ஒண்ணில்லைன்னு பி.எஸ்சி.யிலயே சொல்லித் தர்றாங்க. கேக்கறதுக்கு முன்னாடி ரோட்டார் கையேட்டைப் புரட்டியிருக்கலாம்.

பெல்லட்தேடி: சாரி சார், ரெண்டும் ஆர்பிஎம். முதல் சுத்து ஸ்விங் பக்கெட், ஆரம் 17 செ.மீ. ரெண்டாவது சின்ன ஆங்கிள் ரோட்டார், 8.4 செ.மீ. 2 கிராம் கல்லீரல், 0.25 மோலார் சுக்ரோஸ், ட்ரிஸ் பிஹெச் 7.4. டெஃப்லான்தான். முதல் பெல்லட் பெரிசா, பழுப்பா வருது, அதைக் கொட்டிடறேன்.

குளிர்அறை: கொட்டினதுலதான் உங்க மைட்டோகாண்ட்ரியா போயிருக்கு. ஆர்பிஎம்மை ஆயிரத்தால வகுத்து வர்க்கமாக்குங்க, ஆரத்தால பெருக்குங்க, 11.18ஆல பெருக்குங்க. 3000க்கு 1710 ஜி வருது. நியூக்ளியசும் உடையாத செல்லும் இறங்க 600 ஜி போதும். உங்க ரோட்டார்ல அது 1780 ஆர்பிஎம். ரெண்டாவது சுத்து 9400 ஜி கிட்ட வருது, சரிதான். முதல் பெல்லட்டைப் பஃபர்ல மெதுவாக் கலக்கி இன்னொரு தடவை 600ல ஓட்டி, அந்த மேல்நீரையும் சேர்த்துக்கோங்க. இடிடிஏ 1 மில்லிமோலார் போடுங்க, கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். இல்லேன்னா மைட்டோகாண்ட்ரியா வீங்கும். எல்லாம் 4 டிகிரியில.

உலக்கை: சுக்ரோஸ் 0.88 மோலார் வெச்சுப் பாருங்க. 1948ல ஹோகபூம், ஷ்னைடர், பலாடே அதுலதான் மைட்டோகாண்ட்ரியாவை நீள வடிவம் குலையாமப் பிரிச்சாங்க.

சீனியர்_72: அது ஹைப்பர்டானிக், அதாவது உள்ள இருக்கிறதைவிடச் செறிவு அதிகம். கெட்டியா இருக்கும், அதே ஜியில பாதிகூட இறங்காது. பாவம், அவங்களுக்கு இன்னொரு குழப்பமா?

உலக்கை: வடிவம் பாக்கணும்னா அதுதான் நல்லது.

சீனியர்_72: வடிவம் யாரு கேட்டா? சுவாச அளவீடு செய்யப்போறாங்களா, என்சைமா, வெஸ்டர்னா (புரதத்தைக் கண்டுபிடிக்கிற சோதனை), அதையே இன்னும் சொல்லலை.

பெல்லட்தேடி: 1780ல ஓட்டினேன், பெல்லட் வந்துருச்சு! நன்றி. மேல வெளுத்து ஆடுது, அடியில நடுவுல சிவப்பா ஒரு புள்ளி. விட்டுடலாமா?

குளிர்அறை: வெளுத்து ஆடறது மைக்ரோசோமும் (செல்லோட உள்சவ்வு உடைஞ்ச துணுக்கு) அடிபட்ட மைட்டோகாண்ட்ரியாவும். அரை மி.லி. பஃபர் விட்டு டியூபை மெதுவாச் சுழற்றி அதை மட்டும் ஊத்திடுங்க. சிவப்பு, ரத்த செல். கலக்கும்போது அந்தப் புள்ளியைத் தொடாம சுத்தி இருக்கிற பழுப்பை மட்டும் எடுங்க. அடுத்த தடவை நறுக்கின துண்டுகளை, அலசின பஃபர் நிறமில்லாம வர்ற வரைக்கும் கழுவிட்டு அரைங்க. எதுக்குப் பயன்படுத்தப்போறீங்கன்னு சீனியர் கேட்டாரே?