பழைய பான் யூரோப்பியன்: மலையேற்றத்தில் தளரும் கிளட்ச், இறங்கும் வோல்ட்

செம்பனைச்சாலை (பீடோர்):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டின் ஹோண்டா எஸ்டி1100 பான் யூரோப்பியன் மோட்டார் சைக்கிள். ஈப்போ வரை டிரங்கு சாலையில் சென்று திரும்புவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில் உர லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்ல நேர்ந்தால், ரிங்லெட்டை எட்டுவதற்குள் கிளட்ச் பிடி தளர்ந்து, வண்டியை நிறுத்தும்போது நியூட்ரல் விழ மறுக்கிறது. அந்த நேரம் பார்த்து ரேடியேட்டர் விசிறியும் சுழலத் தொடங்கினால், நான் பொருத்தியுள்ள வோல்ட்மீட்டர் 12க்குக் கீழே இறங்குகிறது. எஞ்சின் ஆறிய பிறகு இரண்டும் சரியாகிவிடுகின்றன. வண்டியைக் காட்டிய பட்டறையில் கிளட்ச் தட்டுகளையும், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவில் இறங்கும் முன், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடியது ஏதும் உண்டா?

பழையஸ்பானர் (சுங்கை சிப்புட்):

ஐயா, தட்டுகளைத் தொடவே வேண்டாம். தட்டு தேய்ந்திருந்தால் எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது. உங்களுக்கு நடப்பதோ அதற்கு நேர்மாறாக, கிளட்ச் முழுமையாகப் பிரியாமல் இருப்பது. இந்த வண்டியின் கிளட்ச் கேபிளில் இயங்குவதன்று, பிரேக்கைப் போலவே எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கீழே எஞ்சினை ஒட்டியே இருப்பதால் அதன் சூடு முழுவதும் அந்த எண்ணெயில் ஏறுகிறது. இதில் ஊற்றும் டாட் 4 என்ற பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்த வரம்பு 155 மட்டுமே. எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் அழுத்தம் ஏறாமல் பிடி தளர்ந்துவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கைப்பிடியருகே உள்ள சிறு கண்ணாடியில் எண்ணெய் கறுத்துத் தெரிந்தால் முழுவதையும் மாற்றுங்கள். அதற்கு முன் ஹேண்டிலுக்குக் கீழே பெயிண்ட் அடித்த பகுதியின் மீது நனைந்த துணியை விரித்து வையுங்கள். ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் உரிந்துவிடும். கீழே ஸ்லேவ் சிலிண்டரில் எண்ணெயை வெளியேற்றும் நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, பிடியை அழுத்திக்கொண்டே நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே பிடியை விட வேண்டும். மேலே கைப்பிடியருகே உள்ள எண்ணெய்த் தொட்டி வறண்டுவிடாமல் இடையிடையே புதிய டாட் 4 ஊற்றிக்கொண்டே இருங்கள். டாட் 5 என்று எழுதிய சிலிக்கோன் வகையைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள். குமிழ்கள் நின்ற பிறகும் பிடி சற்றுத் தளர்வாக இருந்தால், அதை ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். குழாயின் மேல்வளைவில் தங்கியிருக்கும் காற்று தானாகவே மேலேறிவிடும். ஸ்லேவ் சிலிண்டரைச் சுற்றி ஈரம் கசிந்திருந்தால் மட்டும் அதன் ரப்பர் சீலை மாற்றினால் போதும்.

மூன்றுமஞ்சள் (கூலிம்):

கிளட்சுக்கு அண்ணன் சொன்னதே சரி. மின்சாரத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 1996க்கு முந்தைய எஸ்டி1100 வண்டிகளில் இருப்பது 28 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். அதன் பிறகே 40 ஆம்பியர் வந்தது. குறைந்த வேகத்தில் விசிறியும் முன்விளக்கும் சேர்ந்து இழுத்தால் ஊசி சற்று இறங்குவது இயல்புதான், ஆனால் 12க்குக் கீழே இறங்குவது இயல்பன்று. மூடுபனிக்காகக் கூடுதல் விளக்கு ஏதும் மாட்டியிருக்கிறீர்களா?

ஆல்டர்னேட்டரிலிருந்து, வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டருக்குச் செல்லும் மூன்று மஞ்சள் ஒயர்களின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே பின் கறுத்திருந்தால், கோளாறின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அதை வெட்டியெடுத்து, ஒயர்களை ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடிவிடுங்கள். பிறகு எஞ்சினை நிமிடத்துக்கு 5000 சுற்றில் வைத்து பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள், 13.5க்கும் 14.5 வோல்ட்டுக்கும் இடையில் காட்டினால் ஆல்டர்னேட்டர் நலமாகவே இருக்கிறது.

தோட்டத்துப்பையன் (தெலுக் இந்தான்):

பற்றவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஈயம் ஏறிய இடத்தில் ஒயர் விறைத்துப்போய், அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும். ஒயரை அழுத்திக் கவ்வும் நல்ல கிரிம்ப் முனைகள் வைத்து, ஒயரை அசையாமல் சட்டத்தில் கட்டிவிடுவதே எனக்குப் பிடித்த முறை.

செம்பனைச்சாலை (பீடோர்):

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. 55 வாட் விளக்குகள் இரண்டு மாட்டியிருக்கிறேன். கனெக்டரைக் கழற்றினேன், ஒரு மஞ்சள் ஒயரின் பின் கறுத்து, பிளாஸ்டிக் அதைச் சுற்றி உருகியிருந்தது. கிளட்ச் எண்ணெயும் கண்ணாடியில் கறுப்பாகவே தெரிகிறது. ரெகுலேட்டரையும் சேர்த்தே மாற்றிவிடலாமா?

மூன்றுமஞ்சள் (கூலிம்):

இப்போது வேண்டாம் ஐயா. முதலில் கனெக்டரைச் சரிசெய்து அளந்து பாருங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். 13ஐக்கூடத் தொடவில்லை என்றால், ரெகுலேட்டர் பக்கத்தைக் கழற்றிவிட்டு மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக ஏசி வோல்ட்டில் அளந்து, மூன்று அளவுகளும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று எழுதுங்கள். அதுவரை அந்த இரண்டு விளக்குகளையும் அணைத்தே வைத்திருங்கள். 110 வாட் என்பது அந்தச் சிறிய ஆல்டர்னேட்டருக்குப் பெரிய சுமை. எல்இடிக்கு மாற்றிக்கொண்டால் பிறகு விசிறி சுழலும்போது மீட்டரைப் பார்க்க வேண்டியிருக்காது.