ஏவுகணைத் தடுப்புச் சோதனையின் வெற்றியை யார் பெயரில் எழுதுவது?

கேள்வி (பள்ளி ஆசிரியை, பணகுடி):
பிப்ரவரி 28 அறிவியல் நாளுக்காக, 2024 ஜூலை 24 அன்று ஒடிசாவில் நடந்த ஏவுகணைத் தடுப்புச் சோதனையைப் பற்றி எங்கள் மாணவர்கள் ஒரு விளக்கப்படம் தயாரித்திருக்கிறார்கள். மாலை 4.20-க்குத் தம்ராவிலிருந்து, எதிரி ஏவுகணைக்குப் பதிலாக ஏவப்பட்ட இலக்கு ஏவுகணை கிளம்பியதையும், 4.24-க்குச் சண்டிப்பூரிலிருந்து தடுப்பு ஏவுகணை பாய்ந்து அதை மறித்ததையும் அழகாக வரைந்துவிட்டு, அடியில் ‘சாதித்தவர்’ என்று ஒரே ஒரு பெயருக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ நடத்தும் ராக்கெட் எஞ்சின் சோதனைகளைப் பற்றிக் கேட்டே வளர்கிற பிள்ளைகள் இவர்கள். அந்தக் கோட்டில் என்ன எழுதச் சொல்லலாம்?

பதில் (ஓய்வுபெற்ற தொழில்நுட்பர், வள்ளியூர்):
அந்த நான்கு நிமிடங்களில் நடந்ததைச் சொல்லிக்கொடுங்கள், டீச்சர். நிலத்திலும் கடலிலும் நிறுத்தப்பட்ட ரேடார்கள் இலக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தகவல் தாமதமின்றிக் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர வேண்டும். அதன் பிறகுதான் தடுப்பு ஏவுகணைக்கு உத்தரவு போகும். கரையோர நிலையங்களிலும் கப்பலிலும் இருக்கும் டெலிமெட்ரி (பறக்கும் ஏவுகணை அனுப்பும் தகவல்களைத் தொலைவிலிருந்து பெறும் முறை), ஒளியியல் கருவிகள் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தால்தான் வெற்றி என்று அறிவிக்கவே முடியும்.

நான் பணியிலிருந்த காலத்தில், வேறொரு சோதனையின் கவுண்ட்டவுனில் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் ‘தயார்’ சொல்லிக்கொண்டு வந்தபோது, வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஓர் இளைஞர் மட்டும், ஆண்டெனாவில் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, நிறுத்துங்கள் என்றார். கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தால், உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. இரண்டு நாள் கழித்துச் சோதனை நல்லபடியாக முடிந்தது. பாராட்டு மேடையில் அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அன்று நானும் எழுந்து சொல்லாமல் இருந்துவிட்டேன் என்பது இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

பதில் (உவரி வாசகர்):
அண்ணாச்சி சொன்னவர்களோடு இன்னும் சிலரையும் சேர்க்க வேண்டும். அதே ஜூலை 24 அன்று, ஏவுதளத்தைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த பத்து கிராமங்களின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பாலசோர் மாவட்ட நிர்வாகம் தற்காலிகமாக வெளியேற்றியது. கைக்குழந்தையையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, முகாமில் போய் உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று புயல் எச்சரிக்கைக் காலங்களில் எங்கள் கடற்கரை நன்றாகவே அறியும். அவர்கள் ஒதுங்கிக் கொடுத்ததால்தான் சோதனையே நடந்தது.

பதில் (பொறியியல் மாணவர், பாளையங்கோட்டை):
இருந்தாலும் தலைவரின் பெயரை நீக்கிவிட வேண்டாம். 1979 ஆகஸ்டில் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவு ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தபோது, அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்களை எதிர்கொண்டு பொறுப்பைத் தாமே ஏற்றார். 1980 ஜூலையில் அது வென்றபோது, அதன் திட்ட இயக்குநரான அப்துல் கலாமைப் பேச அனுப்பினார். அப்படிப்பட்ட தலைமையும் குழு வேலையில் ஒரு பகுதிதானே?

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. கோட்டை அழித்துவிட்டு, படத்தின் கீழ்ப்பாதி முழுவதையும் இவர்களுக்கே ஒதுக்கச் சொல்லிவிட்டேன். வள்ளியூர் ஐயா, 28 அன்று காலையில் எங்கள் பள்ளிக்கு வந்து அந்த இளைஞரைப் பற்றிப் பிள்ளைகளிடம் நேரில் சொல்ல இயலுமா? பழைய கேபிள் முனை ஏதேனும் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள்.